சுதந்திரத்துக்குப் பிறகும் கவர்னர் ஜெனரல் எதற்கு?

திருச்செங்கோட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் பள்ளிபாளையத்திலிருந்து வருகிற ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "ஏனுங் சார், ஆகஸ்ட் பதினஞ்சோட சுதந்திரம் வந்துருச்சு. அப்பறமும் எதுக்குங்க மவுண்ட்பேட்டன் பத்து மாசம் டெல்லியிலயே இருந்தாரு? யாரும் போகச் சொல்லலீங்களா?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை அது. கைடு புத்தகங்களில் இதற்கு இரண்டே வரிதான் இருக்கும். சுதந்திர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன், முதலும் கடைசியுமான இந்தியக் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வாங்கிவிடலாம். அந்த நாற்காலி என்ன வேலை செய்தது, அதில் உட்கார்ந்தவர் நினைத்தால் ஒரு நாட்டின் போக்கையே மாற்ற முடிந்தது எப்படி என்பதை அந்த இரண்டு வரி சொல்லாது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

டெல்லிக்குப் போகும் முன் நம் ஊரையே பார்ப்போம். 1947 ஆகஸ்ட் 15 காலையில் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் மூவர்ணக் கொடி ஏறியபோது, இந்த ஜில்லாக்கள் அடங்கிய சென்னை மாகாணத்தின் கவர்னர் யார்? ஆர்ச்சிபால்ட் நை என்ற ஆங்கிலேய ராணுவத் தளபதி. 1946-ல் வந்தவர், 1948 செப்டம்பரில்தான் பதவியை விட்டு இறங்கினார். ராணுவத்தின் தலைமைப் பொறுப்பிலும் 1949 ஜனவரி 15 அன்று கரியப்பா ஏற்கும்வரை ஆங்கிலேயர்களே இருந்தார்கள். நாட்டின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-ல் வாசித்த நிதியமைச்சர் நம் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். அவரும் வெள்ளையர் ஆட்சியில் கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்து, சர் பட்டம் பெற்றவர்தான். ஆட்சி ஒரே ராத்திரியில் கைமாறியது. நாற்காலிகளும் அவற்றில் இருந்தவர்களும் மாறுவதற்கு மாதங்கள், சில இடங்களில் வருஷங்கள் ஆயின.

காரணம், அன்று இந்தியா குடியரசு ஆகவில்லை. டொமினியன் ஆனது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் இருந்த அதே நிலை. சொந்த நாடாளுமன்றம் உண்டு, சொந்த அமைச்சரவை உண்டு, சட்டம் போட யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நாட்டின் தலைவர், பெயரளவில், பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜ். அவர் லண்டனில் இருக்கிறார். அவர் சார்பில் பிரதமருக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைக்கவும், சட்டங்களுக்குக் கையெழுத்திடவும் ஓர் ஆள் இங்கே வேண்டும். அந்த ஆள்தான் கவர்னர் ஜெனரல்.

நேராகக் குடியரசு ஆகியிருக்கலாமே என்று தோன்றும். அரசியலமைப்புச் சட்டம் இன்னும் எழுதி முடியவில்லை. ராணுவத்தையும் கஜானாவையும் ரயில் பெட்டிகளையும் பாகிஸ்தானோடு பங்கு பிரித்தாக வேண்டும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் பாதி வழியில் நிற்கின்றன. புது வீடு கட்டி முடிகிறவரை பழைய வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடுவது மாதிரி, 1935-ம் வருஷத்து இந்திய அரசுச் சட்டத்தையே அங்கங்கே திருத்தி வைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 14 வரை இருந்த கவர்னர் ஜெனரல் வேறு, 15 முதல் இருந்தவர் வேறு. ஆள் ஒருவரேயானாலும் பதவி உள்ளுக்குள் மாறிவிட்டது. முன்னே அவர் வைசிராயாகவும் இருந்தார், லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரிக்குப் பதில் சொன்னார், இங்குள்ள அமைச்சர்கள் சொல்வதைத் தள்ளிவிடவும் அவரால் முடிந்தது. பின்னே வைசிராய் என்ற பதவியே ஒழிந்தது. கவர்னர் ஜெனரலை மன்னர் நியமிப்பது இந்திய அமைச்சர்களின் ஆலோசனைப்படி என்றானது. மவுண்ட்பேட்டனை யாரும் போகச் சொல்லவில்லையா என்று அந்தப் பெண் கேட்டாளே, அவரை இருக்கச் சொன்னதே காங்கிரஸ் தலைவர்கள்தான். பாகிஸ்தானுக்கும் தானே கவர்னர் ஜெனரலாக இருக்கலாம் என்று மவுண்ட்பேட்டன் எதிர்பார்த்தார், சட்டமும் அதற்கு இடம் வைத்திருந்தது. ஜின்னா மறுத்து, அந்தப் பதவியைத் தானே எடுத்துக்கொண்டார்.

இந்தப் பதவியின் இயல்பைப் புரியவைக்க நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் நம் ஊர்க் கல்யாணம். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் அருமைக்காரர் இல்லாமல் சீர் நடக்காது. ஆனால் பெண்ணைத் தேர்ந்தெடுப்பது அவர் இல்லை, மாப்பிள்ளையை முடிவு செய்வதும் அவர் இல்லை. இரண்டு வீட்டாரும் பேசி, உப்புச் சர்க்கரை மாற்றி முடித்த பிறகு, பந்தலில் முறைப்படி நடத்திவைப்பவர் அவர். "இந்த மாப்பிள்ளை எனக்குப் பிடிக்கவில்லை, வேறு ஆளை உட்கார வைக்கிறேன்" என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. கவர்னர் ஜெனரலும் அப்படித்தான். பிரதமரை மக்களும் நாடாளுமன்றமும் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர் நடத்திவைக்கிறார்.

இனி உதாரணத்தைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். முகூர்த்த நேரம் நெருங்குகிறது. பேசி முடித்த பெரியவர் திடீரென்று காலமாகிவிடுகிறார். அல்லது பெண் வீட்டார் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பந்தலில் இருக்கிற எல்லாக் கண்ணும் அப்போது யாரைப் பார்க்கும்? அதுவரை சும்மா நடத்திவைப்பவர் என்று நினைத்திருந்த மனிதர் சொல்கிற சொல்லுக்கு அந்த நிமிஷத்தில் தனி எடை வந்துவிடும். பிரதமர் சாகும்போதும், யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோதும், கலவரம் மூளும்போதும் கவர்னர் ஜெனரல் பதவிக்கு நேர்வது இதுதான். சட்டப் புத்தகத்தில் பூஜ்யமாக இருக்கிற அதிகாரம் அப்போது நிஜமாகிறது.

ஒரு சொல்லை மட்டும் இங்கே நினைவில் வையுங்கள்: 'தன்விருப்பப்படி'. 1935 சட்டம் முழுக்க இந்தச் சொல் விரவிக் கிடந்தது. இன்னின்ன விஷயத்தில் கவர்னர் ஜெனரல் தன்விருப்பப்படி முடிவெடுக்கலாம், அமைச்சர்களைக் கேட்க வேண்டியதில்லை என்று அர்த்தம். 1947-ம் வருஷத்து இந்திய சுதந்திரச் சட்டத்தின் 8-ம் பிரிவு, கவர்னர் ஜெனரலும் கவர்னர்களும் தன்விருப்பப்படி நடக்க வழிசெய்த பகுதிகள் எல்லாம் ஆகஸ்ட் 15 முதல் செல்லாது என்று அடித்துவிட்டது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஒரே சட்டம், ஒரே பிரிவு. பிறகு நடந்தவை வேறு வேறு.

இந்தியாவில் மவுண்ட்பேட்டன் வெறும் அலங்காரமாக இருந்துவிடவில்லை. 1947 செப்டம்பரில் டெல்லியில் கலவரம் கைமீறியபோது அவர் சிம்லாவில் இருந்தார். சமஸ்தானத் துறைச் செயலாளர் வி.பி. மேனன் போனில் அழைத்து உடனே வரச் சொன்னார். நேருவும் பட்டேலும் கேட்டுக்கொண்டதால், அவசர நிலைமைக்கென்று அமைத்த அமைச்சரவைக் குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். போர்க்கள அனுபவம் உள்ளவர், இவர்களோ வாழ்நாளில் பாதியைச் சிறையிலும் போராட்டத்திலும் கழித்தவர்கள். நிர்வாகத்தில் அவருக்கிருந்த பழக்கம் அந்த வாரங்களில் உதவியது. ஆனால் அதே மனிதர் பாதுகாப்புக் குழுவுக்கும் தலைமை வகித்தார். காஷ்மீர் மகாராஜாவின் இணைப்பை அக்டோபர் 27-ல் ஏற்றுக்கொண்டு எழுதிய கடிதத்தில், அமைதி திரும்பியதும் மக்கள் விருப்பத்தைக் கேட்டு முடிவு செய்யப்படும் என்ற வாசகம் அவர் கையெழுத்தோடுதான் போனது. ஐ.நா.வுக்குப் போகலாம் என்று வற்புறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். பாகிஸ்தானுக்குத் தர வேண்டிய 55 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது முறையாகாது என்று காந்தியிடம் சொன்னவரும் அவர். கையெழுத்து மட்டும் போடுகிற பதவி என்று நம்பினால் இவை எதுவும் புரியாது. அதேசமயம், ஒவ்வொன்றிலும் அமைச்சரவை அவரைத் தடுத்திருக்க முடியும். அவர்கள் கேட்டார்கள் அல்லது ஒப்புக்கொண்டார்கள், அவர் செய்தார். அவருடைய செல்வாக்கு எவ்வளவு பெரிதானாலும் அது அமைச்சரவையின் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தது.

பாகிஸ்தானில் அந்தக் கதவே உடைந்தது. ஜின்னா 1948 செப்டம்பரில் இறந்தார். பின்னால் 1951-ல் கவர்னர் ஜெனரலான குலாம் முகமது, வெள்ளையர் ஆட்சியில் கணக்குத் துறை அதிகாரியாக இருந்தவர். காலனி அதிகாரி என்றால் வெள்ளைத் தோல் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம், பழகிய பழக்கம் தோலைப் பார்ப்பதில்லை. சட்டசபையில் பட்ஜெட்டை நிறைவேற்றிக் காட்டியிருந்த பிரதமர் நாஜிமுதீனை 1953 ஏப்ரலில் அவர் பதவியிலிருந்து தூக்கினார். அடுத்த வருஷம் அக்டோபரில், அரசியலமைப்புச் சட்டத்தை எழுதி முடிக்கப்போன சபையையே கலைத்தார். சபைத் தலைவர் தமிசுதீன் கான் கோர்ட்டுக்குப் போனார். கீழே சிந்து நீதிமன்றத்தில் ஜெயித்தார், மேலே ஃபெடரல் கோர்ட்டில் தோற்றார். குலாம் முகமதுக்குப் பின் வந்த இஸ்கந்தர் மிர்சாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் அரசியல் பணியில் இருந்த அதிகாரிதான். முதல் ஜனாதிபதியும் ஆன அவர் 1958-ல் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். சட்டத்தில் அடிபட்ட 'தன்விருப்பப்படி' நடைமுறையில் உயிரோடு இருந்தது.

இலங்கைக் கதைதான் எனக்கு மனசுக்கு நெருக்கமானது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அங்கே கவர்னரை 'தேசாதிபதி' என்றும், கவர்னர் ஜெனரலை 'மகாதேசாதிபதி' என்றும் தமிழில் சொன்னார்கள். 1948 பிப்ரவரி 4-ல் இலங்கை டொமினியன் ஆனபோது, கடைசித் தேசாதிபதி சர் ஹென்றி மங்க்-மேசன் மூர் அப்படியே முதல் மகாதேசாதிபதி ஆனார். அரசு ஊழியம் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1910 வாக்கில் இலங்கை சிவில் சர்வீசில் இளம் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து, சியரா லியோன், கென்யா என்று ஆப்பிரிக்காவில் கவர்னராக இருந்து, வேலை தொடங்கிய அதே தீவுக்கு 1944-ல் கவர்னராகத் திரும்பியவர். தன் கையில் இருந்த அதிகாரத்தைப் பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவிடம் கொடுத்துவிட்டு, ஒன்றரை வருஷம் முறைப்படி நடந்துகொண்டார். அமைச்சரவை சொன்னதில் கையெழுத்திட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றும்.

அப்படி அவர் காலத்தில் சட்டமானவற்றில் ஒன்று 1948-ம் வருஷத்து 18-ம் எண் குடியுரிமைச் சட்டம். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக உழைத்த தமிழர்கள் தங்கள் தகப்பனாவது, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமாவது இலங்கையில் பிறந்ததைக் காகிதத்தில் நிரூபித்தால்தான் குடிமக்கள் என்றது அது. லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஏது பிறப்புச் சான்று? லட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் இன்னொரு சட்டம் அவர்களுடைய ஓட்டையும் எடுத்துக்கொண்டது. 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 1952 தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இல்லை.

ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் போடக்கூடாது என்று அந்த நாட்டின் அரசியலமைப்பில் 29-ம் பிரிவு இருந்தது. அதை நம்பித் தோட்டத் தமிழர்கள் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். குடியுரிமை என்பது எந்த நாடும் தானே தீர்மானிக்கிற விஷயம், 29-ம் பிரிவு மீறப்படவில்லை என்று 1953-ல் தீர்ப்பு வந்துவிட்டது.

நீலகிரிக்கு ஏறிப்போய்க் கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலை பறிக்கும் குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று ஊர்ப் பெயர்கள் வாயில் வரும். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக வனத்துறை 1968-ல் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. இன்றைக்கு டான்டீ என்று நாம் சொல்வது அதன் தொடர்ச்சி. அவர்கள் இங்கே வந்து நிற்க வேண்டியதான பாதை, மூர் முறைப்படி நடந்துகொண்ட அந்த ஒன்றரை வருஷத்தில்தான் தொடங்குகிறது. அமைச்சர்கள் சொன்னபடி நடந்த அதிகாரி என்று அவரைப் பாராட்ட எனக்கு மனம் வருவதில்லை. அவர் மறுத்திருக்க வேண்டும் என்று சொல்லவும் முடியவில்லை. மறுத்திருந்தால் குலாம் முகமது செய்தது சரி என்று ஆகிவிடும். இந்த இடத்தில் பாடம் எடுக்கும்போதெல்லாம் நான் தடுமாறுவேன், பிள்ளைகளிடம் அதை ஒளிப்பதில்லை. தலைமைப் பதவியில் இருப்பவரை நம்பி உரிமையை விட்டுவைக்கக் கூடாது, சட்டத்திலேயே இறுக எழுதிவைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெளிவு. அந்த அரசியலமைப்புக்கு வித்திட்ட சோல்பரி பிரபுவே பிற்காலத்தில், அடிப்படை உரிமைகளை அதில் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று வருந்தி எழுதினார்.

மூருக்குப் பின் 1949-ல் மகாதேசாதிபதியாக வந்தவர் அந்த சோல்பரி பிரபுதான். இலங்கைக்கு எப்படிப்பட்ட அரசியலமைப்பு வேண்டும் என்று ஆராய 1944-ல் வந்த குழுவின் தலைவர் அவர். வீட்டுக்கு பிளான் போட்ட இன்ஜினியரே அந்த வீட்டுக்குக் குடிவந்தது போல.

1952 மார்ச் 21 அன்று டி.எஸ். சேனநாயக்கா கொழும்பு காலி முகத்திடலில் குதிரைச் சவாரி போகையில் கீழே விழுந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது. அடுத்த பிரதமர் யார்? கட்சியில் மூத்தவர், சபை முதல்வர், போக்குவரத்து அமைச்சர், இறந்தவருக்கு உறவினர் சர் ஜான் கொத்தலாவல. தனக்குத்தான் என்று அவர் நம்பினார், பலரும் அப்படியே நினைத்தார்கள். இறந்தவரின் மகன் டட்லி சேனநாயக்கா விவசாய அமைச்சர், வயதில் இளையவர். சோல்பரி அப்போது நாட்டிலேயே இல்லை, இங்கிலாந்துக்கு விடுமுறையில் போயிருந்தார். அவசரமாகத் திரும்பி வந்து மார்ச் 26 அன்று டட்லியை அழைத்தார். டி.எஸ். உயிரோடு இருந்தபோதே மகனைப் பற்றி அவரிடம் சொல்லி வைத்திருந்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

சட்டம் என்ன சொன்னது? மகாதேசாதிபதி தன் அதிகாரத்தை இங்கிலாந்தில் மன்னர் நடந்துகொள்ளும் மரபுப்படி செலுத்த வேண்டும் என்றது, அவ்வளவுதான். ஆலோசனை சொல்லவேண்டிய பிரதமரே உயிரோடு இல்லை என்றால் ஆலோசனையை யாரிடம் கேட்பது? கட்சி கூடி ஓட்டெடுத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வரை காத்திருந்திருக்கலாம் என்பது என் கருத்து. நான்கு நாளில் அழைத்துவிட்டதால், தந்தைக்குப் பின் மகன் என்ற வழக்கத்துக்கு ஓர் ஆங்கிலப் பிரபுவின் முத்திரையும் கிடைத்தது. டட்லி உடனே சபையைக் கலைத்து மே மாதத் தேர்தலில் 95 இடங்களில் 54 ஜெயித்தார் என்பதையும் சொல்லவேண்டும், மக்கள் அவரை ஏற்றார்கள். ஆனால் அடுத்த வருஷமே அரிசி விலையை ஏற்றியதால் வெடித்த ஹர்த்தாலைத் தாங்க முடியாமல் விலகினார். கொத்தலாவல அப்போதுதான் பிரதமர் ஆனார். அந்தத் தீவில் இந்தப் பதவி 1972 வரை நீடித்தது. 1958 கலவரத்தின்போது மகாதேசாதிபதி ஆலிவர் குணதிலக நிர்வாகத்தையே கையில் எடுத்து நடத்தினார். 1960 மார்ச் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை வராமல், அழைக்கப்பட்ட டட்லி சபையில் தோற்றபோது, எதிர்க்கட்சியை அழைக்காமல் மறுதேர்தல் என்று முடிவெடுத்ததும் அவரே.

சோல்பரி டட்லியை அழைத்த அதே நாட்களில் சென்னையிலும் இதே கேள்வி எழுந்திருந்தது. பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லும்போது நம்ப மாட்டார்கள். அதற்கு முன் நம் பக்கத்து ஊருக்கு, 1926-க்குப் போக வேண்டும்.

திருச்செங்கோட்டிலிருந்து குமாரமங்கலம் ஒன்றும் தூரமில்லை. அந்த ஜமீனைச் சேர்ந்தவர் டாக்டர் ப. சுப்பராயன். 1926 தேர்தலில் சென்னை சட்டசபையில் சுயராஜ்யக் கட்சி அதிக இடம் பிடித்தது, ஆனால் பதவி ஏற்காது என்ற கொள்கையில் நின்றது. நீதிக்கட்சியும் முன்வரவில்லை. கவர்னர் கோஷன் பிரபு கட்சி சாராத சுப்பராயனை அழைத்து முதன்மை அமைச்சர் ஆக்கினார். சபையின் 132 உறுப்பினர்களில் 34 பேர் கவர்னர் நியமிப்பவர்கள். அவர்கள் பலத்தில் அமைச்சரவை நின்றது. 1930 வரை நீடித்தது. ஓட்டுப் போட்டவர்கள் தேர்ந்தெடுக்காத ஓர் அரசை ஒரு கவர்னர் கையால் வனைந்து நிறுத்தினார். சுப்பராயன் பிறகு காங்கிரசில் சேர்ந்து, 1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் உள்துறை அமைச்சராக, ஆங்கிலேயர் நை கவர்னராக இருக்கையில் பணியாற்றினார். அவர் மகன் ஜெனரல் குமாரமங்கலம், ஆங்கிலேயர் விட்டுப்போன அதே ராணுவத் தலைமைக்கு 1966-ல் வந்தார்.

இனி ராஜாஜி. பழைய சேலம் ஜில்லா ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-ல் நகரசபைத் தலைவராகி, 1925-ல் இதோ இங்கே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். அந்த ஆசிரமத்தில் கதர் நூற்ற கை, 1948 ஜூன் 21 அன்று வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்திலிருந்து வந்த பதவியை ஏற்றது. ஹைதராபாத் சமஸ்தானத்தை இணைத்த ராணுவ நடவடிக்கை போன்ற பெரிய முடிவுகள் அவர் காலத்தில் நடந்தன என்றாலும், எடுத்தது நேருவும் பட்டேலும். மவுண்ட்பேட்டன் போல அமைச்சரவைக் குழுக்களுக்குத் தலைமை வகிக்க வேண்டிய தேவை இவருக்கு இல்லை. பதவி அதன் சரியான அளவுக்குச் சுருங்கியது இவர் கையில்தான் என்று நினைக்கிறேன். 1950 ஜனவரி 26 காலையில் தர்பார் மண்டபத்தில் இந்தியா குடியரசு என்ற பிரகடனத்தை வாசித்தவர் அவர். தன் பதவி ஒழிந்ததைத் தானே படித்து அறிவித்தார்.

இரண்டு வருஷம் கழித்து, முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 மட்டுமே கிடைத்தது. ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து, எண்ணிக்கை எங்களிடம் இருக்கிறது என்றன. கவர்னர் ஸ்ரீபிரகாசா என்ன செய்தார்? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10-ல் ராஜாஜி முதலமைச்சர். பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் அந்த அமைச்சரவையில் நிதியமைச்சர். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. மன்னர் இல்லை, கவர்னர் ஜெனரல் இல்லை, புதிய அரசியலமைப்பு வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தது கவர்னரைத்தான்.

"அப்பிடீன்னா கோஷன் செஞ்சதும் ஸ்ரீபிரகாசா செஞ்சதும் ஒண்ணுதானுங்களா சார்?" என்று அதே பெண் கேட்டாள்.

ஒன்றில்லை என்றேன். கோஷன் பெரும்பான்மையையே நியமனத்தால் உண்டாக்கினார். ஸ்ரீபிரகாசா ஒருவரை நியமித்தார், பெரும்பான்மையை ராஜாஜி சபையில் காட்டவேண்டியிருந்தது. ஜூலையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 200 பேர் ஆதரவாகவும் 151 பேர் எதிராகவும் ஓட்டுப் போட்டார்கள். முதலில் யாரை அழைப்பது என்பதில் மட்டும் கவர்னரின் கை இருந்தது. ஆனால் முதலில் அழைக்கப்படுகிறவருக்குக் கட்சி சாராதவர்களையும் சிறு கட்சிகளையும் பேசி இழுக்க நேரம் கிடைக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 152 எப்படி 200 ஆனது என்று யோசித்தால் தெரியும். அதனால் ஸ்ரீபிரகாசா செய்தது சட்டத்துக்குள் நின்றது என்று ஒப்புக்கொண்டாலும், சரியானது என்று நான் சொல்ல மாட்டேன். ராஜாஜி மேல் எனக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும்.

அன்று வகுப்பு முடியும்முன் அரசியலமைப்பின் 163-ம் பிரிவை எல்லாரையும் எடுத்துப் படிக்கச் சொன்னேன். ஆளுநருக்கு ஆலோசனை சொல்ல அமைச்சரவை உண்டு என்கிறது அது, 'தன்விருப்பப்படி' செயல்படவேண்டிய விஷயங்கள் நீங்கலாக. 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்தச் சொல்லை எடுத்துவிடச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. 1947-ல் சுதந்திரச் சட்டம் அடித்துப் போட்ட சொல், 1950-ல் ஜனாதிபதிக்கு இல்லாமல் மாநில ஆளுநருக்கு மட்டும் புத்தகத்தில் மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டது. ஓர் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதை ராஜ்பவனில் எண்ணக் கூடாது, சபையில்தான் எண்ண வேண்டும் என்று 1994-ல் உச்ச நீதிமன்றம், கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மை தொடர்ந்த வழக்கில் சொன்னது. அந்த வழக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம்.